போர்டில் பட்டுத் திரும்பிய பந்து



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீ காலேஜ் டீம்ல ஆடினவன்தானே, நம்ம கூடைப்பந்து டீமோட வரலாறு ஒண்ணு எழுதிக் கொடேன்" என்றார்கள். சரியென்று ஒரு சனிக்கிழமை போய் உடற்கல்வித் துறை பீரோவில் இருந்த பழைய ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டினேன். தூசியில் நாலைந்து தும்மலுக்குப் பிறகு எங்கள் பேட்ச் ஆடிய மேட்ச்சுகள் கிடைத்தன. என் பெயருக்கு நேராக 17, 21, 14 என்று இருந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு இரண்டு வரி கீழே எங்கள் சென்டரின் பெயர். அவனுக்கு நேராக 2, 0, 4.

ஸ்கோர் ஷீட்டில் பாயிண்டுக்கும் ஃபவுலுக்கும்தான் இடம் உண்டு. ரீபவுண்டுக்குக் கட்டமே கிடையாது. ஐம்பது வருஷம் கழித்து யாராவது அந்தத் தாளைப் பார்த்தால், இந்தப் பையன் மேட்ச் முடிந்ததும் கொடுக்கிற டிபனுக்காக வந்தவன் என்றுதான் நினைப்பார். நான் பெரிய ஆட்டக்காரனாகத் தெரிவேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நம் அணியின் வரலாற்றை எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் வேறொரு அணியின் வரலாற்றை எழுதுகிறேன். நம்ம கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரிங்குக்குள் போகாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். 1891-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது பின்னால் போர்டே கிடையாது. பால்கனியில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால், அதைத் தடுக்கத்தான் போர்டு வைத்தார்கள். ரசிகர்களின் சேட்டைக்காக வந்த பலகை, ஆட்டத்தில் பாதியைத் தீர்மானிக்கிற பொருளாகிவிட்டது.

அதே மாசசூசெட்ஸில்தான் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி. 1950-ல் ரெட் அவர்பேக் அதற்குக் கோச்சாக வந்தார். அதே வருஷம் பாப் கூஸி வந்தார். வந்த விதமே தமாஷ். உள்ளூர்க் கல்லூரிப் பையனான கூஸி வேண்டாம் என்று அவர்பேக் முதலில் ஒதுக்கிவிட்டார். பிறகு இழுத்து மூடப்பட்ட ஓர் அணியின் மூன்று ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சீட்டு எழுதித் தொப்பியில் போட்டு மூன்று அணிகளும் எடுத்தபோது, பாஸ்டனின் கைக்குக் கூஸியின் சீட்டு வந்தது. அந்தச் சீட்டில் வந்தவர்தான் பின்னால் தொடர்ந்து எட்டு சீசன் பாஸ் கொடுப்பதில் முதலிடம். கூட பில் ஷார்மன். ஃப்ரீ த்ரோ கோட்டில் அவர் நின்றால் பந்து உள்ளே என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். நடுவில் எட் மெக்காலி. 6 அடி 8 அங்குலம், அழகாக ஷூட் பண்ணுவார், ஆனால் ஒல்லி.

1954-ல் இருபத்து நான்கு செகண்ட் விதி வந்தது. அதற்குள் ஷூட் பண்ணியாக வேண்டும். அந்த சீசனில் சராசரியாக ஒரு மேட்ச்சுக்கு நூறு பாயிண்டைத் தாண்டிய முதல் என்.பி.ஏ. அணி செல்டிக்ஸ்தான். கைதட்டுவதற்கு முன் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அதே சீசனில் எதிராளிகளுக்கும் சராசரியாக நூறுக்கு மேல் கொடுத்தார்கள். மொத்தத்தில் 36 வெற்றி, 36 தோல்வி. கூட்டிக் கழித்தால் பூஜ்யம்!

1951-லிருந்து 1956 வரை ஆறு வருஷமும் பிளே-ஆஃபுக்குப் போனார்கள். ஆறு வருஷமும் தோற்றார்கள். முதல் மூன்று தடவை நியூயார்க்கிடம், அடுத்த மூன்று தடவை சிராக்யூஸிடம். நியூயார்க்கில் ஹாரி கேலட்டின், சிராக்யூஸில் டால்ஃப் ஷேய்ஸ். இரண்டு பேருமே ஒவ்வொரு சீசன் ரீபவுண்டில் லீக்கிலேயே முதலாக வந்தவர்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அன்றைக்கு நூறு ஷாட் எறிந்தால் நாற்பதுகூட உள்ளே போகாத காலம். இரண்டு அணியும் சேர்த்து ஒரு மேட்ச்சில் நூறு தடவைக்கு மேல் பந்து போர்டிலோ ரிங்கிலோ பட்டு வெளியே வரும். அத்தனையும் சொந்தக்காரன் இல்லாத பந்துகள். கூஸியின் பலம் ஃபாஸ்ட் பிரேக். எதிராளி திரும்புவதற்குள் ஓடிப்போய்க் கூடை போடுவது. ஆனால் எதிராளி தவறவிட்ட பந்தை நம்ம ஆள் பிடித்துக் கொடுத்தால்தானே ஓடுவதற்கு? சீசன் முழுக்க இடிபட்டுக் களைத்து, பிளே-ஆஃப் வரும்போது பந்து கைக்கு வராமல் போகிறது, அதுதான் வியாதி என்று அவர்பேக் கண்டுபிடித்துவிட்டார். கூஸியையும் ஷார்மனையும் திட்டிக்கொண்டிருக்காமல் நேராக அங்கே கை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அவர்பேக்கின் பழைய கல்லூரிக் கோச் பில் ரைன்ஹார்ட். சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் பில் ரஸ்ஸல் என்று ஒரு பையன் இருக்கிறான், அவனை விடாதே என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர் அவர்தான். ரஸ்ஸல் 1955, 1956 இரண்டு வருஷமும் தன் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் ஷூட்டிங் சுமார்தான். அவரும் அறைத் தோழர் கே.சி. ஜோன்ஸும் ராத்திரி உட்கார்ந்து, எந்தக் கோணத்திலிருந்து எறிந்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஜியோமெட்ரி பேசுவார்களாம். நம்ம ஹாஸ்டலில் ராத்திரி என்ன பேசினோம் என்பதை இங்கே எழுத வேண்டாம். குதிப்பதற்கு முன்னாலேயே இடத்தைப் பிடிப்பதுதான் ரஸ்ஸலின் வித்தை.

1956 டிராஃப்டில் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அணியின் கையில் இரண்டாவது தேர்வு இருந்தது. அதற்காக அவர்பேக் மெக்காலியையும், ராணுவ சேவையிலிருந்து திரும்பிய கிளிஃப் ஹேகனையும் சேர்த்துக் கொடுத்தார். மெக்காலிக்குச் சொந்த ஊர் செயின்ட் லூயிஸ். கைக்குழந்தைக்குக் கடுமையான நோய், அதனால் ஊருக்குப் போக அவரே சம்மதித்தார். அதே டிராஃப்டில் டாம் ஹைன்சனும் கே.சி. ஜோன்ஸும் பாஸ்டனுக்குக் கிடைத்தார்கள்.

ரஸ்ஸல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு டிசம்பரில்தான் வந்தார். நீ எத்தனை பாயிண்ட் போடுகிறாய் என்று கவலைப்படாதே, சம்பளம் பேசும்போது அந்தக் கணக்கையே எடுக்க மாட்டேன் என்று அவர்பேக் வாக்குக் கொடுத்தார். 1956 டிசம்பர் 22-ல் முதல் மேட்ச், அதே ஹாக்ஸுக்கு எதிராக. 21 நிமிஷத்தில் 16 ரீபவுண்ட், 6 பாயிண்ட். நம்ம ஸ்கோர் ஷீட்டில் வெறும் 6 என்றுதான் இருந்திருக்கும். அதுவரை சென்டராக ஆடிய ஆர்னி ரைசன், தன் இடத்துக்கு வந்த பையன் என்று பார்க்காமல் தொழில் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரஸ்ஸல் வருவதற்கு முன்பே அந்த சீசனில் செல்டிக்ஸ் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயிப்பது அவர்களுக்குப் புதிதில்லை. பிளே-ஆஃப் வரை அது நிற்குமா என்பதுதான் கேள்வி.

பதில் 1957 ஏப்ரல் 13-ல் கிடைத்தது. பாஸ்டனில் ஹாக்ஸுடன் இறுதிச் சுற்றின் ஏழாவது மேட்ச். (மூன்றாவது மேட்ச்சுக்கு முன்னால் செயின்ட் லூயிஸில் ரிங்கின் உயரம் தப்பு என்று அவர்பேக் சண்டை போட்டு, ஹாக்ஸ் முதலாளி பென் கெர்னரைக் குத்தியே விட்டார். அளந்து பார்த்தால் உயரம் சரி. 300 டாலர் அபராதம். அளந்துவிட்டுப் பேசியிருக்கலாம்!) அந்த ஏழாவது மேட்ச்சில் ஷார்மன் 20 ஷாட்டில் போட்டது 3. கூஸி 20 ஷாட்டில் 2. இரண்டு பேரும் சேர்ந்து நாற்பதுக்கு ஐந்து. லீக்கிலேயே சிறந்த கார்டுகள் இருவர், வாழ்க்கையின் மிகப் பெரிய மேட்ச்சில் இப்படி. பழைய செல்டிக்ஸாக இருந்தால் பாதி நேரத்திலேயே ரசிகர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ரஸ்ஸல் 32 ரீபவுண்ட் எடுத்தார். ஹைன்சன் 37 பாயிண்டோடு 23 ரீபவுண்ட். முதல் வருஷப் பையன்கள் இரண்டு பேர், 55 ரீபவுண்ட். மேட்ச் 103-103, எக்ஸ்ட்ரா டைம் 113-113, இன்னொரு எக்ஸ்ட்ரா டைம். கடைசியில் பாஸ்டன் இரண்டு பாயிண்ட் முன்னால், ஓரிரு செகண்டுதான் பாக்கி. ஹாக்ஸின் கோச்சும் ஆட்டக்காரருமான அலெக்ஸ் ஹேனம் ஒரு காரியம் செய்தார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் இருந்த போர்டைக் குறி வைத்துப் பந்தை எறிந்தார். பந்து போர்டில் பட்டுத் திரும்பி, திட்டம் போட்டபடியே பாப் பெட்டிட்டின் கைக்கு வந்தது. பெட்டிட் போட்டார். பந்து ரிங்கில் உருண்டு வெளியே விழுந்தது. 125-123. செல்டிக்ஸின் முதல் பட்டம்.

அடுத்த வருஷம் 1958-ல் அதே ஹாக்ஸ், அதே இறுதிச் சுற்று. மூன்றாவது மேட்ச்சில் ரஸ்ஸலின் கணுக்கால் பிசகியது. அவர் இல்லாமலே நான்காவதை ஜெயித்தார்கள், ஐந்தாவதைத் தோற்றார்கள். பழைய ஏற்ற இறக்கம் இரண்டே மேட்ச்சில் திரும்பி வந்துவிட்டது. ஆறாவதில் ரஸ்ஸல் நொண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடினார், பெட்டிட் 50 பாயிண்ட் போட்டார், ஒரு பாயிண்டில் பட்டம் போனது. பாஸ்டனை விட்டுப் போன மெக்காலி அந்த ஹாக்ஸ் அணியில் இருந்தார் என்பது எனக்குச் சின்னச் சந்தோஷம். அதன் பிறகு 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டுப் பட்டம். ரஸ்ஸல் ஆடிய 13 சீசனில் மொத்தம் 11. கடைசி இரண்டை ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இருந்து வாங்கினார். கறுப்பரான அவருக்கு அதே பாஸ்டன் பக்கம் நடந்தவை வேறு. அவர் வீட்டுக்குள் புகுந்து நாசம் செய்தார்கள். 1972-ல் அவருடைய 6-ம் எண் சட்டைக்கு விழா எடுத்தபோது, ரசிகர்களை உள்ளே விடுவதற்கு முன்பே முடித்துவிடச் சொன்னார். 2022-ல் அவர் காலமான பிறகு லீக்கின் எல்லா அணிகளும் அந்த எண்ணை நிறுத்தி வைத்தன.

இனி நம்ம கதை. மூன்றாம் ஆண்டு வரை எங்கள் சென்டர் மெக்கானிக்கல்காரன். முழங்கையில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். அவன் பிடித்து எறிவான், நான் ஓடிப்போய் லே-அப் போடுவேன், கேர்ள்ஸ் ஹாஸ்டல் பக்கம் விசில் எனக்கு. கடைசி ஆண்டு நான் கேப்டன். டீம் எடுக்கும்போது, "சார், அவன் ஸ்கோரே பண்றதில்ல, புதுப் பையன் உயரமா இருக்கான், நல்லா ஷூட் பண்றான்" என்று சொன்னது நான்தான். அவன் பெஞ்சுக்குப் போனான். கோபித்துக்கொள்ளவில்லை. எங்களுக்குக் குளுக்கோஸ் தண்ணி கலக்கிக் கொடுத்தான்.

அந்த வருஷம் ஒரு நாள் இருபது பாயிண்டில் ஜெயிப்போம், மறுநாள் அதே மாதிரி ஒரு அணியிடம் அடி வாங்குவோம். என் ஷூட்டிங் சரியில்லை என்று நான் விடிகாலையில் எழுந்து தனியாகப் பிராக்டிஸ் பண்ணினேன். ஒரு நாள் அவன் கோர்ட் ஓரமாக நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாப்ளே, ஒரு நாள் தண்ணி ஏறுது, ஒரு நாள் ஏறலைன்னா மோட்டார்ல கோளாறு இல்லடா. ஃபுட் வால்வு லீக்கு." ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அவனைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். ஆனாலும் எனக்குப் புரியவில்லை. ஜோனல் இரண்டாவது ரவுண்டில், ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். எதிரணிப் பையன் எறிந்தது வெளியே வந்தது, அவர்களே பிடித்தார்கள். மறுபடி எறிந்தார்கள், மறுபடி வெளியே, மறுபடி அவர்களே. மூன்றாவது தடவை உள்ளே போனது. அவ்வளவு நேரமும் நான் நடுக்கோட்டுப் பக்கம் நின்று, பந்து வரும், ஓடலாம் என்று கையை விரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேட்ச் ஷீட்டும் பீரோவில் இருக்கிறது. எனக்கு 19.

அவன் இப்போது கோயம்புத்தூர் பக்கம் பம்ப் தொழிலில் இருக்கிறான். இந்த வருஷம் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய அணிக்கும் மேட்ச் வைத்திருக்கிறார்கள். டீம் லிஸ்டில் சென்டர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்க வருகிற தம்பி தங்கைகள் யாராவது ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வந்தால் உதவியாக இருக்கும். ஷீட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கட்டம் போட்டு எண்ண வேண்டியிருக்கிறது.