காகித நாப்கினில் பிறந்த இணைய வழிகாட்டி

இணையத்துக்கே வழி சொல்லும் பிஜிபி பிறந்தது ஒரு சாப்பாட்டு மேசையில்தான் நண்பர்களே! 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டினில் இணையப் பொறியாளர்கள் கூடியபோது, மதிய உணவு நேரத்தில் சிஸ்கோவின் கிர்க் லோஹீடும் ஐபிஎம்மின் யாக்கவ் ரெக்தரும் காகித நாப்கின்களில் அதை எழுதினார்கள்.

விஷயம் எளிது. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வாருங்கள்" என்று ஒரு நெட்வொர்க் சொல்லும். பக்கத்து நெட்வொர்க் அதை நம்பி அடுத்தவருக்குச் சொல்லும். சொன்னது உண்மையா என்று பார்க்க அதில் வழியில்லை. வணிகவியல் மாணவனான எனக்கு, ஆடிட்டர் இல்லாத கணக்குப் புத்தகம்தான் ஞாபகம் வருகிறது.

விளைவு? 2008 பிப்ரவரி 24 அன்று, உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட வழி வெளியே கசிந்தது. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ அதை அப்படியே உலகுக்குச் சொல்லிவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் கிடைக்கவில்லை.

இன்று சொந்த ஏஎஸ் எண்ணும் முகவரிகளும் இருந்தால், வாடகை விபிஎஸ்ஸில் பேர்ட் மென்பொருளைப் போட்டு நாமே பிஜிபி செஷன் தொடங்கலாம். ஆனால் முகவரிகள் நம்முடையவைதானா என்று விபிஎஸ் தருபவர் முதலில் ஆதாரம் கேட்பார். எரிச்சல் வேண்டாம். நாப்கினில் விட்டுப்போன ஆடிட் அதுதான்!