வெண்ணெயை விட்ட ஊர்

போன மாசம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சு. கொலஸ்ட்ரால் 248. எங்கப்பா மாரடைப்பில் போனது 51 வயசில். எனக்கு இப்போ 46. மனசு கணக்குப் போடுமா போடாதா, சொல்லுங்க?

பயத்தில் தேடித் தேடிப் படிச்சப்போ மாட்டினதுதான் இந்தக் கதை.

பின்லாந்தின் கிழக்கே, ரஷ்ய எல்லையை ஒட்டி வட கரேலியா என்று ஒரு மாகாணம். காடு, ஏரி, பால்மாடு. ரொட்டி மேல் தடிமனாக வெண்ணெய், குடிக்க ஆடை எடுக்காத பால், எல்லாத்திலும் உப்பு. ஆண்களில் பாதிப்பேர் புகைபிடிப்பவர்கள். 1960-களில் நடுவயசு ஆண்கள் இதய நோயில் அதிகம் செத்த இடங்களில் உலகத்திலேயே முன்வரிசை இந்த ஊர்தான். பொறுக்க முடியாம 1971-ல் அந்த ஊர்க்காரர்களே அரசாங்கத்துக்கு மனு போட்டாங்க.

1972-ல் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் பெக்கா புஸ்கா, 27 வயசு டாக்டர். அப்போ அங்கே ஆண்களின் சராசரி கொலஸ்ட்ராலே 265-க்கு மேல்! (என் 248-ஐ அங்கே கொண்டு போயிருந்தா பரிசே குடுத்திருப்பாங்க.)

புஸ்கா நோயாளிகளுக்கு மட்டும் உபதேசம் பண்ணிட்டுப் போகலை. மார்த்தா என்ற மாதர் அமைப்போடு சேர்ந்து, வீட்டுப் பெண்களுக்குக் கொழுப்பும் உப்பும் குறைத்துக் காய்கறி கூட்டிச் சமைக்கக் காட்டினார். கறிக்கடைச் சாசேஜில் கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்க வைத்தார். பாலை நம்பிப் பிழைத்த விவசாயிகளுக்குக் கோபம் வராதா? வந்தது. அவர்களுக்குப் பெர்ரி பழச் சாகுபடி என்று மாற்றுவழி காட்டப்பட்டது. பிறகு, எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்குதுன்னு கிராமங்களுக்குள் போட்டியே நடந்தது!

நாற்பது வருஷம் கழித்து, 2012-ல் பார்த்தால் சராசரி சுமார் 210. உழைக்கும் வயசு ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. புகை குறைந்ததும் ரத்த அழுத்த சிகிச்சையும் உதவின. ஆனா பெரிய பங்கு கொலஸ்ட்ரால் குறைந்ததுக்குத்தான்.

இதைப் படிச்சதும் அப்பா ஞாபகம். டாக்டர் சொன்னாருன்னு அவருக்கு மட்டும் எண்ணெயில்லாத கூட்டு தனியா வெப்பாங்க அம்மா. எதிரே உக்காந்து நாங்க பூரி தின்போம். அவர் தெருமுனைக் கடையில் திருட்டுத்தனமா வடை சாப்பிட்டா, "நாக்கைக் கட்டத் தெரியலை"ன்னு திட்டுவோம். ஒரு மாகாணமே சேர்ந்து செஞ்ச வேலையை அவரைத் தனியா செய்யச் சொல்லியிருக்கோம்.

இப்போ எங்க வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல். சாயங்காலம் பையனும் என்னோட நடக்க வர்றான். மூணு மாசம் கழிச்சு ரிசல்ட் சொல்றேன்.

ஆமா, நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?