நின்றது உதிரமா, சுரப்பா? – மாதவிடாயும் மாரடைப்பும் குறித்த ஒரு வாசிப்பின் வரலாறு

மாதவிடாய் உள்ளவரை பெண்ணை மாரடைப்பு அண்டாது, நின்றதும் வாசலில் வந்து நிற்கும் என்றொரு நம்பிக்கை மருத்துவர்களிடமும் உண்டு, மற்றவர்களிடமும் உண்டு. இதற்குச் சான்று கேட்டால் பலரும் கைகாட்டுவது 1978இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் கார்டன், கேனல் குழுவினர் எழுதிய கட்டுரையை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரேமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு அது. 2,873 பெண்களை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மாதவிடாய் நிற்காத ஒருத்திக்கும் மாரடைப்பு வரவில்லை. இதயத் தமனி நோயால் ஒருத்தியும் சாகவில்லை. நின்றவர்களிடமோ, 55 வயதுக்கு உட்பட்டவர்களிடமும்கூட, இரண்டும் சாதாரணமாகக் காணப்பட்டன. ஆபத்து மெல்ல ஏறவில்லை, மாதவிடாய் நின்றதும் சட்டென எழுகிறது என்று அவர்கள் வாசித்தார்கள். எண்களை நான் மறுக்கவில்லை. எனக்கு வழக்கு அந்த வாசிப்போடுதான்.

ஈஸ்ட்ரோஜன் ஒரு குடை, ஐம்பதை ஒட்டி அது மடங்கிவிடுகிறது என்ற கருத்து 1978க்கு முந்தியது. 1950களிலேயே சினைப்பை அகற்றப்பட்ட பெண்களின் தமனிகளை நோயியலாளர்கள் அறுத்துப் பார்த்திருந்தார்கள். ஆக, பிரேமிங்ஹாம் கட்டுரை ஏற்கெனவே போட்டிருந்த நாற்காலியில் வந்து அமர்ந்தது. அதனால்தானோ என்னவோ, அதற்குள்ளேயே இருந்த ஒரு செய்தியை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் தாண்டிப் போனார்கள்.

அந்தச் செய்தி இது. மாதவிடாய் இயல்பாக நின்றாலும், அறுவைச் சிகிச்சையால் நின்றாலும் ஆபத்து கூடியது. அறுவைச் சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தாலும் கூடியது, எடுக்கப்படாமலிருந்தாலும் கூடியது. இந்தக் கடைசிக் கூற்றில் சற்று நிற்க வேண்டும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாத உதிரம் நிற்கும், சினைப்பை தன் வேலையைத் தொடரும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். குடை அப்படியே விரிந்திருக்கிறது, ஆனால் ஆள் நனைந்துவிட்டாள். அப்படியானால் குடை என்று நாம் நினைத்தது குடைதானா? ‘மாதவிடாய் நின்றவர்’ என்ற ஒரே பெட்டியில் உதிரம் நின்றவரையும் சுரப்பு நின்றவரையும் சேர்த்துப் போட்டுவிட்டு, வந்த விடையைச் சுரப்பின் கணக்கில் எழுதினார்கள் பின்வந்தோர். ஆய்வாளர்கள் அந்த வேறுபாட்டைப் பதிவு செய்தார்கள். அதன் பொருளைப் பின்தொடரவில்லை என்பதே என் குறை.

பின்தொடர்ந்த ஒருவர் ஜெரோம் சல்லிவன். 1981இல் ‘லான்செட்’ இதழில் அவர் சொன்ன விளக்கம் துணிச்சலானது: பெண்ணைக் காப்பது ஈஸ்ட்ரோஜன் அல்ல, மாதந்தோறும் உதிரத்தோடு வெளியேறும் இரும்புச்சத்தே, உதிரம் நின்றதும் உடலில் இரும்பு சேர்கிறது, அதுவே தமனிக்குக் கேடு. கர்ப்பப்பை மட்டும் இழந்த பெண்களின் கணக்கு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பின்வந்த ஆய்வுகள் இரும்பை அந்த இடத்தில் உறுதியாக உட்கார வைக்கவில்லை. சல்லிவனின் விடை தவறாக இருக்கலாம். அவர் எழுப்பிய கேள்வி சரியானது.

‘சட்டென’ என்ற சொல்லுக்கு வருவோம். பிரேமிங்ஹாமில் பரிசோதனை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அவ்வளவு அகலக் கண்ணுள்ள வலையில் சட்டென எழுந்ததும் மெல்ல எழுந்ததும் ஒரே மீனாகத்தான் சிக்கும். 45 முதல் 49 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்களையும் நிற்காதவர்களையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். நின்றவர்கள் அந்த ஐந்தாண்டு அடைப்புக்குள்ளேயே சற்று மூத்தவர்களாக இருப்பார்கள். புகைப்பவர்களும் அவர்களிடையே அதிகம் இருப்பார்கள். புகைப்பழக்கம் மாதவிடாயை ஓரிரு ஆண்டு முன்னதாகவே நிறுத்திவிடும். 1987இல் கோல்டிட்ஸ் குழுவினர் 1,21,700 அமெரிக்கச் செவிலியரின் தரவில் வயதையும் புகையையும் கழித்துப் பார்த்தபோது, இயல்பாக மாதவிடாய் நின்றவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து எஞ்சவில்லை. இதைவிட வேடிக்கை 2006இல் நடந்தது. கோக் குழுவினர் அதே பிரேமிங்ஹாம் தரவை எடுத்துத் தலைகீழாக வாசித்தார்கள்: இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகள் மிகுந்த பெண்ணுக்கே மாதவிடாய் முந்தி நிற்கிறது. எது வண்டி, எது மாடு என்பதே இங்கு கேள்வியாகிவிட்டது.

ஆனால் கோல்டிட்ஸின் கட்டுரையில் எனக்குப் பாதகமான ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரு சினைப்பைகளையும் இழந்து ஈஸ்ட்ரோஜன் மருந்தும் எடுக்காத செவிலியரின் ஆபத்து 2.2 மடங்காக இருந்தது. சினைப்பைக்குப் பங்கே இல்லை என்று இதன்பிறகு யாரும் சொல்ல முடியாது. பிரேமிங்ஹாமும் செவிலியர் ஆய்வும் இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை. இன்றுவரை முடிச்சு முழுதாக அவிழவில்லை.

நீரிழிவு இந்த வழக்கில் முக்கியச் சாட்சி. அதைத்தான் கூண்டில் ஏற்றவேயில்லை. 1979இல் கேனலும் மெக்கீயும் அதே ஊரின் 20 ஆண்டுத் தரவிலிருந்து எழுதினார்கள்: நீரிழிவுள்ள பெண்களின் இதயநோய்ச் சுமை, நீரிழிவில்லாத ஆண்களுடையதைவிடக் கூடுதல். அதாவது சர்க்கரை வந்த பெண், பெண்ணுக்குரிய சலுகையை இழந்துவிடுகிறாள். இரண்டு கட்டுரைகளுக்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி. கேனல் இரண்டிலும் இருக்கிறார். ஒன்று சலுகை பறிபோவதற்கு மாதவிடாய் நிற்றலைக் காரணமாக்குகிறது, மற்றது நீரிழிவை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, மாதவிடாய் நிற்காத நீரிழிவுக்காரிக்கு என்ன ஆகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தாலும் பிரேமிங்ஹாமில் விடை சொல்லப் போதிய பெண்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வயதில் நீரிழிவு அன்று அங்கே அரிது.

விடை அருகிலேயே, பாஸ்டனில் இருந்தது. ஜாஸ்லின் மையத்தில் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ இன்சுலின் சார்ந்த நீரிழிவு வந்த 292 பேரைப் பற்றி குரோலெவ்ஸ்கி குழு 1987இல் எழுதியது. 55 வயதுக்குள் இதயத் தமனி நோயால் இறந்தோர் 35 விழுக்காடு. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது பிரேமிங்ஹாமையே; அங்கு நீரிழிவில்லாத ஆண்களில் 8, பெண்களில் 4 விழுக்காடு. எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது, முப்பது வயதுக்குப் பின் சாவு ஏறிய வேகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்தது என்பது. முப்பதில் எந்தச் சினைப்பை ஓய்கிறது? ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும்போதே காப்பு போய்விட்டது. சிறுநீரகம் கெட்டவர்களிடமே ஆபத்து மிகுதி என்பதால் இதை எல்லா நீரிழிவுக்கும் நீட்ட முடியாது. 292 என்பதும் சிறிய எண். ஆனாலும் திசை மாறவில்லை. முதல் வகை நீரிழிவு குறித்து 2015இல் ஹக்ஸ்லி குழு 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இதயத் தமனி நோயில் நீரிழிவால் பெண்ணுக்குக் கூடும் ஆபத்து ஆணுக்குக் கூடுவதைப்போல ஏறத்தாழ 2.5 மடங்காக இருந்தது.

எதிர்முகாமும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. டண்டீ நகரத்து டன்ஸ்டல்-பீடோ 1998இல் மாதவிடாய் நிற்றலால் ஆபத்து எழுகிறது என்பதையே கட்டுக்கதை என்றார். 2011இல் வைத்யா குழு இங்கிலாந்து, வேல்ஸ், அமெரிக்காவின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு அதற்கு வலு சேர்த்தது: பெண்களின் இதயநோய்ச் சாவு ஆண்டுக்குச் சுமார் 8 விழுக்காடு வீதம் ஒரே சீராக ஏறுகிறது, ஐம்பதில் எந்த முறிவும் இல்லை. வளைவது ஆண்களின் கோடுதான். 45 வாக்கில் அதன் வேகம் தணிகிறது. வலுவான வாதம். ஆனால் சாவு என்பது தாமதமாக வரும் சாட்சி. கொழுப்பு படியத் தொடங்கியதற்கும் பாடை கட்டுவதற்கும் இடையில் பத்து இருபது ஆண்டுகள் போய்விடும். மாதவிடாய் நிற்பதும் பெண்ணுக்குப் பெண் பத்துப் பதினைந்து ஆண்டு வேறுபடும். அந்தக் கோட்டில் படிக்கட்டு தெரியாததை வைத்துப் படிக்கட்டே இல்லை என்று சொல்ல முடியாது.

படிக்கட்டு ஒன்று இருக்கத்தான் செய்கிறது, வேறு இடத்தில். 2009இல் மேத்யூஸ் குழு 1,054 பெண்களை ஆண்டுதோறும் அளந்தது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் மொத்தக் கொழுப்பும் எல்டிஎல் கொழுப்பும் தெளிவாகத் தாவின. ரத்தச் சர்க்கரை, இன்சுலின், ரத்த அழுத்தம் ஆகியவை தாவவில்லை. வயதோடு நடந்து போயின. ஆகவே ‘மெனோபாஸ் வந்தது, சர்க்கரையும் வந்தது’ என்று நாம் இணைத்துப் பேசுவதில் பாதி, இரண்டும் ஒரே வயதில் வருவதால் விளைந்த மயக்கம்.

மருந்துச் சோதனைகளும் கொழுப்பையும் சர்க்கரையையும் இதயத்தையும் ஒரே கயிற்றில் கட்டவிடவில்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தை 16,608 பெண்களிடம் சோதித்த ஆய்வு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. இதயத்துக்கு நன்மை தெரியவில்லை, தீமையே தெரிந்தது. அதே சோதனையில் புதிதாக நீரிழிவு வருவதோ 21 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை தணிந்தும் இதயம் தப்பவில்லை. அவர்கள் சராசரி வயது 63, மருந்து தாமதமாகத் தொடங்கியது என்ற மறுப்பு நியாயமானது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

1978இன் அந்தத் தாண்டிச்செல்லப்பட்ட செய்தி நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் சினைப்பையை விட்டுவைத்துக் கர்ப்பப்பை மட்டும் எடுக்கப்பட்ட 2,094 பெண்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. முன்பே இருந்த நோய்களைக் கழித்த பிறகும் அவர்களிடம் இதயத் தமனி நோய் 33 விழுக்காடு கூடுதல். 35 வயதுக்குள் எடுக்கப்பட்டவர்களிடம் 2.5 மடங்கு.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. 2015–16இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள்; அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 34 வயதுக்குள்ளேயே அது நடந்துவிட்டது. நம் வீடுகளில் ‘கர்ப்பப்பைய எடுத்தாச்சு’ என்ற ஒரு சொல்லில் சினைப்பை இருப்பதும் போனதும் அடங்கிவிடுகிறது. பிரேமிங்ஹாமின் அதே பெட்டி. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் சினைப்பை எடுக்கப்பட்டதா இல்லையா என்பதைத் தமிழிலும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சீட்டை வீட்டார் பத்திரப்படுத்தி, சர்க்கரைக்கோ நெஞ்சுவலிக்கோ போகும்போது கையோடு எடுத்துப் போகட்டும்.