'ஓட்டல்' என்றால் சாப்பாடா, ரூமா? மேப்பில் ஒரு பெயர்ச் சிக்கல்

2004-இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் இடங்களைச் சேர்க்கலாம். கூடவே, அது என்ன வகை இடம் என்று ஒரு 'டேக்' போட வேண்டும். டேக் எல்லாம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில். சிக்கலே அங்கேதான்.

நம்ம ஊர் 'ஓட்டல்' பலவற்றில் இட்லி கிடைக்கும், ரூம் கிடைக்காது. மேப்பிலோ 'ஹோட்டல்' டேக் தங்கும் விடுதிக்கு மட்டும்தான். போர்டைப் பார்த்து அப்படியே போட்டால், ராத்திரி ரூம் தேடுபவர் மெஸ் வாசலில் போய் நிற்பார். பெயரில் 'ஓட்டல்' இருக்கட்டும். வகை 'ரெஸ்டாரன்ட்' என்பதே சரி.

ஆக, டேக்கை வார்த்தையாகப் படிக்கக் கூடாது, குறியீடாகப் படிக்கணும். 'டிரங்க்' என்பது பிரிட்டன் சாலைகளின் வகைப்பெயர். இந்திய மேப்பர்கள் அதைத் தேசிய நெடுஞ்சாலைக்கும், 'பிரைமரி'யை மாநில நெடுஞ்சாலைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

டீக்கடைதான் உண்மையிலேயே கஷ்டம். 'கஃபே' என்றால் உட்கார இடம் இருக்கணும் என்கிறது அதன் விளக்கம். நாம் நின்றுகொண்டே குடிப்போமே! சொந்தமாகப் புது டேக் போடலாம், தடையில்லை. ஆனால் பெரும்பாலான ஆப்கள் தமக்குத் தெரிந்த டேக்குகளைத்தான் காட்டும். கடை டேட்டாவில் இருக்கும், திரையில் இருக்காது.

கோயில், மசூதி, சர்ச் மூன்றுக்கும் 'வழிபாட்டிடம்' என்ற ஒரே டேக். மதம் தனி டேக். டீக்கடைக்கும் இப்போதைக்கு இதே வழிதான் நல்லது: பொதுவாக 'கஃபே', கூடவே பார்சல் உண்டா, உட்கார இடம் உண்டா என்ற விவரங்கள்.