மணிமேகலையில் பௌத்த தருக்கம்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, பௌத்த அளவையியலை முறைப்படி விளக்கும் பழந்தமிழ்க் காப்பியமாகும். இந்நூலின் முப்பது காதைகளுள் 29ஆம் காதையான ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’ இப்பொருளைக் கூறுகிறது. வஞ்சியில் பிற சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிந்த காப்பியத் தலைவி மணிமேகலைக்கு, காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதை உபதேசிக்கிறார்.

அளவைகள்

அறிவைப் பெறும் வழிகளான அளவைகளைப் பிறர் பத்தாக விரித்தனர்; அறவண அடிகளோ பிரத்தியக்கம், கருத்தளவு என்னும் இரண்டையே ஏற்கிறார். பெயர், சாதி, குணம், தொழில் என்பவை கலவாமல் பொருளை நேரே உணர்வது பிரத்தியக்கம். ஏதுவைக் கொண்டு ஊகித்து அறிவது கருத்தளவு.

வாதத்தின் உறுப்புகள்

பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என உறுப்புகள் ஐந்து. ‘இம்மலை நெருப்புடையது’ என்பது பக்கம். ‘புகையுடைமையால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம். பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும். ஏது மூன்று இயல்புகளை உடையதாக வேண்டும்: பக்கத்தில் அது இருத்தல், ஒத்த பொருளில் (சபக்கம்) இருத்தல், மாறான பொருளில் (விபக்கம்) இல்லாதிருத்தல்.

போலிகள்

காதையின் பெரும்பகுதி வாதக் குற்றங்களைப் பற்றியது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என அவை 33. ஒலி செவிக்குப் புலனாகாது என்பது காட்சிக்கு முரணான பக்கம். கண்ணுக்குப் புலனாவதால் ஒலி நிலையற்றது என்றால், அந்த ஏது வாதி, எதிர்வாதி இருவருக்குமே உடன்பாடன்று. ஆகவே அது அசித்தம் என்னும் ஏதுப்போலி.

காலமும் பின்னணியும்

இப்பகுப்பு, பௌத்த தருக்க ஆசிரியர் திக்நாகரின் மரபில் வந்த சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்திருக்கிறது. அந்நூலை 647இல் சீனத் துறவி யுவான் சுவாங் சீனத்தில் மொழிபெயர்த்தார். இவ்வொற்றுமையால் மணிமேகலை திக்நாகருக்குப் பிற்பட்டது என அறிஞர் பலர் கருதினர்; வரலாற்றாசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் இதை மறுத்தார். திக்நாகர் காஞ்சியை அடுத்த சிம்மவக்திரத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபுச் செய்தி. நாளந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலரும் காஞ்சியைச் சேர்ந்தவர்.

மனம் பற்றிய கொள்கை

தருக்கத்தை அடுத்து 30ஆம் காதையில் மனமும் பிறவியும் விளக்கப்படுகின்றன. நிலையான உயிர் என ஒன்றில்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் தொகுதியே ஆள். பேதைமையிலிருந்து செய்கை, செய்கையிலிருந்து உணர்வு எனச் சார்பாகத் தோன்றும் பன்னிரு நிதானங்களே பிறவிக்குக் காரணம். வாதத்தில் தேர்ச்சி பெறுவது இப்பேதைமையை நீக்குவதற்கான வழியாகவே கொள்ளப்பட்டது.

பயிற்சி மரபு

பௌத்தக் காப்பியமான குண்டலகேசியும் அதை எதிர்த்து எழுந்த சமண நூலான நீலகேசியும் தமிழகத்தில் நிகழ்ந்த சமய வாதங்களைக் காட்டுகின்றன. திக்நாகர், தருமகீர்த்தி வழிவந்த தருக்கக் கல்வி இன்றும் திபெத்திய மடங்களில் தொடர்கிறது. கர்நாடகத்தின் பைலகுப்பையில் உள்ள சேரா மடமும், முண்டுகோட்டில் உள்ள திரேபுங், காந்தேன் மடங்களும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மாணவர்கள் அடிப்படைக் கருத்துகள், அறிவின் வகைகள், ஏதுவின் இலக்கணம் ஆகியவற்றைத் தொடக்க நிலையிலேயே கற்கின்றனர். வினவுபவர் நின்று கைதட்டிக் கேட்பார். விடையளிப்பவர் அமர்ந்திருந்து ‘ஏற்கிறேன்’, ‘ஏது பொருந்தவில்லை’, ‘தொடர்பு இல்லை’ என்பன போன்ற வரையறுத்த சொற்களால் மறுமொழி கூறுவார். இவற்றுள் இரண்டாவது, மணிமேகலை கூறும் அசித்தக் குற்றமே.

குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஆகவே பௌத்த தருக்கத்தைப் பழந்தமிழில் கற்க விரும்புவோர்க்கு மணிமேகலையின் 29ஆம் காதையே முதன்மை மூலமாகும்.