முதலெழுத்தும் மூதாதையரும்

திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், பூர்வீகம் எது என்று வினவினால், முதியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஓர் ஊரைத் தயங்காது சொல்வர். பேரப்பிள்ளைகளுக்கோ அவ்வூர், பெயருக்கு முன் நிற்கும் ஓர் எழுத்து மட்டுமே. அவ்வெழுத்தும் இன்று மறைந்துவருகிறது. வெளிமாநிலங்களில் நமக்குத் தரப்படும் படிவங்களில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் உண்டு. நாம் அதில் தகப்பனாரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இத்தகைய சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து கனடா சென்று குடியேறியவர்களில் போர்வீரர் பலருக்குப் படையிலே வைத்த பட்டப்பெயர் ஒன்று இருந்தது. ஒருவன் 'பூ' எனப்பட்டான். மற்றொருவன் 'கவலையற்றவன்' எனப்பட்டான். குடும்பப் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் இடையே 'தி' என்றொரு சொல்லைச் சேர்த்து எழுதினர். மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் இதற்கு நேரான சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. நம் கிரயப் பத்திரங்களில் காணும் 'என்கிற' என்பதே அது. காலப்போக்கில் ஒரு மகன் பழைய பெயரையும் மற்றொரு மகன் பட்டப்பெயரையும் கைக்கொள்ள, ஒரே வம்சத்தார் இருவேறு பெயரினராயினர். ஆயினும் அங்கே மாதாகோயில் பதிவேடுகள் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் குறித்துவைத்தன; மணமான பெண்ணையும் பிறந்தகத்துப் பெயராலேயே எழுதின. மாண்ட்ரியல் பல்கலைக்கழக அறிஞர்கள் 1966 முதல் அவற்றை ஒப்புநோக்கிக் குடும்பங்களை இணைத்துள்ளனர்.

பிரெஞ்சு ஆட்சி நம்மவர் பெயர்களையும் தீண்டாமல் விடவில்லை. புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையிலுள்ள மாஹே முதலிய இடங்களில், 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொண்டனர். இவ்வியக்கத்தில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, சப்பாத்து அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக 1873-இல் வழக்காடியவர். அவர் கொண்ட பெயர் 'லாபோர்த்', அதாவது வாயில். துணிச்சலான பெயர்தான், ஆனால் அவ்வாயிலைக் கடந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரர், தம் முன்னோர் பெயரை அறியப் பழைய பத்திரங்களைப் புரட்ட வேண்டியவராயினர்.

ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருக்குத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் இல்லை. கூலியாகக் கப்பலேறியவனின் தனிப்பெயரே சந்ததி முழுமைக்கும் குடும்பப் பெயராயிற்று. 'பிள்ளை' என்பது பிரெஞ்சு எழுத்தில் 'புல்லே' ஆனது. நம் பேச்சு வழக்கின் 'புள்ளே' அவர்கள் காதில் விழுந்ததுதான் காரணம் போலும்!

நம் முறையின் சிறப்பை உணரத் திருவனந்தபுரத்துக் குடும்பம் ஒன்றே போதும். 'மனோன்மணீயம்' இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். தந்தையார் பெருமாள் பிள்ளை. பேராசிரியரின் புதல்வரும் 1962-இல் இந்நகரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றவருமானவர் பி. எஸ். நடராஜ பிள்ளை. அவர் பெயரின் முன் நின்ற இரண்டு எழுத்துகளில் பாட்டனாரும் தந்தையும் அடங்கிவிட்டனர். நடுவெழுத்தை யாரேனும் விட்டிருந்தால் ஒரு தலைமுறையே மறைந்திருக்கும்.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதும் நம் வழக்கமே. பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. இதனால் சுப்பையாவும் சங்கரனும் மாறிமாறி வர, வம்சாவளி எழுதப் புகுவோர் எந்தச் சுப்பையா என்று திகைக்க நேரிடும். அப்போது ஆண்டு தெரிந்த பத்திரம் ஒன்று பெருந்துணை. அதுவும் கிட்டாவிடில், வீட்டுப் பெரியவரிடம் குலதெய்வம் எவ்வூரில் இருக்கிறது என்று கேட்கலாம். பெயரின் முன்னுள்ள ஊரெழுத்து உதிர்ந்த பின்பும், முடியிறக்கப் போகும் கோயிலை மறவாத குடும்பங்கள் பல உண்டு.