அணாக் கணக்கும் நயா பைசாக் கணக்கும்

அடுகோடியில் வாழும் நம்மவர் பலருக்கு ‘மைக்கோ’ என்ற பெயர் இன்னும் நாவை விட்டு அகலவில்லை. 1951-இல் நிறுவப்பெற்ற அக்கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிற்று. எஞ்சின் உறுப்புகள் செய்த அதன் அடுகோடி வளாகம், 2022 முதல் கணிப்பொறித் தொழில்நுட்ப வளாகமாக விளங்குகிறது. இந்நகரத்து அலுவலகங்களில் பணிபுரியும் நம் இளைஞரிடம் “என்ன வேலையப்பா?” என்று கேட்டால், ‘ஒரு வியாபாரத்தின் பழைய கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்றுகிறோம்’ என்று சிலர் சொல்வர். இது புத்தம்புது வித்தையன்று. அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் இந்நாடு முழுவதும் இவ்வேலையைச் செய்தது.

1957 ஏப்ரல் 1-ஆம் நாள் தசாம்ச நாணயமுறை நடைமுறைக்கு வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 16 அணா, அல்லது 192 பையாக இருந்த ரூபாய், 100 நயா பைசாவாயிற்று. இந்தியாவின் படம் பொறித்த புதிய தபால் தலைகளும் அன்றே வெளிவந்தன. ரூபாய் மாறவில்லை; அதன் கூறுகளே மாறின. தொல்லையும் அங்கேதான் இருந்தது.

ஓரணாவுக்குச் சரியாக ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே ஓரணா ஆறு, இரண்டணா பன்னிரண்டு, மூன்றணா பத்தொன்பது, நாலணா இருபத்தைந்து என்று அட்டவணை வகுத்தார்கள். நாலணா, எட்டணா, பன்னிரண்டணா மட்டுமே பிசகின்றிப் பொருந்தின. தனித்தனியாகப் பதினாறு ஓரணாக்களை மாற்றினால் தொண்ணூற்றாறுதான் வரும். நான்கு நயா பைசா மாயமாகிவிடும்! காலணாவுக்கோ இரண்டு நயா பைசா. அந்தக் கணக்கில் அறுபத்துநான்கு காலணாவுக்கு நூற்றிருபத்தெட்டு. நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணாவைக் கொண்டு மிட்டாய் வாங்கிய சிறுவர்களுக்கு இந்தக் கணிதம் விளங்கியிராது, கடைக்காரருக்கு விளங்கியிருக்கும்.

கூலி ஏட்டில் இது சிறுவர் விளையாட்டன்று. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் ஆறணா பெறும் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாட்கூலியையும் தனியே மாற்றினால் ஒரு ரூபாய் முப்பத்தேழு நயா பைசா. முப்பது நாளைக்கு 41 ரூபாய் 10 நயா பைசா. முப்பது நாள் கூலியையும் அணாவிலேயே கூட்டினால் 41 ரூபாய் நாலணா, அதாவது 41 ரூபாய் 25 நயா பைசா. இடையே விழுந்த பதினைந்து நயா பைசா யாரைச் சேர வேண்டும்? கணக்குப்பிள்ளை எந்த இடத்தில் கோடு கிழித்துக் கூட்டினார் என்பதைப் பொறுத்தது அது. முதலில் கூட்டிப் பிறகு மாற்றுவதே நேர்மை என்பது நம் கருத்து.

சிட்டையிலிருந்து பேரேட்டுக்கும், பழைய பேரேட்டின் பாக்கியிலிருந்து புதிய பேரேட்டின் முன்பாக்கிக்கும் பெயர்த்தெழுதும் ஒழுங்கு நம் வணிகருக்குப் புதிதன்று. ஆயினும் பழைய நாணயங்கள் உடனே மறையவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் ஒரே கல்லாவில் கிடந்தன. அதற்குள் 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளும் வரத் தொடங்கின. வீசையையும் பலத்தையும் கிலோவாக்கிய கதை தனியே சொல்லத்தக்கது.

இன்று கணக்கு மாற்றும் இளைஞரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். பழைய முறையில் மூன்று தசாம்ச இடங்கள் இருக்கும்; புதியதில் இரண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளைத் தனித்தனியே சுருக்கினால் கூட்டுத்தொகை ஒவ்வாது. ஆதலால் பழைய முறையையும் புதியதையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டின் ஐந்தொகையும் ஒத்த பிறகே பழையதை மூடுவர்.

‘நயா’ என்னும் அடைமொழி 1964 ஜூன் 1-இல் நீங்கிற்று. 25 பைசா நாணயமும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாததாயிற்று. அதுவரை நம் வீடுகளில் அதற்கு வழங்கிய பெயர் நாலணா.